சூட்டுக்கையும் தையல்காரரின் காலும்

கொதிக்கிற சட்டியைத் துணி பிடிக்காமல் அடுப்பிலிருந்து இறக்குகிற பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவள் இறக்கிய பிறகும் கீழே வைக்கமாட்டாள். கையில் ஏந்தியபடியே நின்று, பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு முழு வம்பையும் பேசி முடித்துவிட்டுத்தான் வைப்பாள். அப்படிப்பட்ட கை. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் சூட்டுக்கை. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவள் வீட்டுக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

பிறக்கும்போதே வந்த கை இல்லை அது. கல்யாணமாகி வந்த வீட்டில் எண்ணெய் காய்ச்சிக் கை கால் பிடித்துவிடுவதுதான் தொழில். வந்த மருமகளுக்குக் கிழி கட்டும் வேலை கொடுத்தார்கள். கிழி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இலையையும் கல்லுப்பையும் வாணலியில் வதக்கி, துணியில் உருண்டையாகக் கட்டி, சூட்டோடு வலிக்கிற இடத்தில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். முதல் மாதம் விரல் நுனியெல்லாம் கொப்புளம். இரண்டாம் மாதம் தோல் உரிந்தது. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. உள்ளங்கை பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி இறுகிப் போனது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. பெருமைதான்.

அந்தப் பெருமையோடுதான் சுகாதார நிலையத்து வேலைக்கும் வந்தாள். அங்கே வரிசையாக மூன்று அறை. முதல் அறை டாக்டரம்மாவுடையது. இரண்டாவது அறையில் நர்ஸக்கா ஊசி போடுவார், கட்டுக் கட்டுவார். மூன்றாவது அறை எண்ணெய் அறை. நாட்டு வைத்தியர் வாரத்தில் இரண்டு நாள் வந்து, யாருக்கு எந்த எண்ணெய் என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். மற்றபடி அந்த அறைக்கு அவள்தான் ராணி, அவள்தான் வேலைக்காரி. ஒரு நீளப் பலகைக் கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னல் கம்பியில் காயும் கிழித் துணிகள், சுவரெல்லாம் எண்ணெய் வாசம்.

இதில் ஒரு விஷயம் கேளுங்கள். முதல் அறைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள், வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள். மூன்றாவது அறைக்கு வருகிறவர்கள் ஆசையாக வருவார்கள். டாக்டரம்மா கண்ணில் பட்டால் பிரஷர் பார்க்கிறேன், ரத்தம் எடுக்கிறேன் என்று பிடித்துக்கொள்வார் என்று பயந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நுழைகிறவர்கள்கூட உண்டு. சுமை தூக்குகிறவர், பள்ளிக்கூடத்து ஆயா, லாரி ஓட்டுகிறவர், எல்லோரும் அப்படித்தான்.

டாக்டரம்மாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஒருநாள் எண்ணெய் அறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, உங்ககிட்ட வர்றவங்க பாதிப் பேரு எங்கிட்ட எட்டிக்கூடப் பாக்கறதில்ல. நாப்பது வயசு தாண்டினவங்கள முதல்ல என்கிட்ட அனுப்புங்க. சக்கரை இருக்கான்னு பாத்துட்டு உங்ககிட்டயே திருப்பி அனுப்பிடறேன்."

"நல்லா இருக்கே கதை! கால் பிடிச்சுக்க வந்தவனை விரல்ல குத்தி அனுப்பினா, மறுபடி இந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பானா? அப்புறம் உங்ககிட்டயும் வரமாட்டான், எங்கிட்டயும் வரமாட்டான்."

"வலியே தெரியாத ஊசிக்கா."

"குத்தறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, டாக்டரம்மா."

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறமும் மூன்று நான்கு தடவை கேட்டுப் பார்த்தார். சூட்டுக்கை பிடித்த முயலுக்கு மூன்றே கால். அனுப்பவில்லை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கிழியை வைக்கும்போது சூடு சரியா என்று தன் கையால் பார்க்கமாட்டாள். அவள் கைக்குத்தான் எதுவும் சுடாதே! முதல் ஒற்றல் ஒற்றிவிட்டு, படுத்திருப்பவரிடம் கேட்பாள்: "தாங்குதா?" தாங்குது என்றால் வைப்பாள். ஆ என்றால் எடுத்து ஆற வைப்பாள். "என் கைக்கு என்ன தெரியும், உங்க தோலுக்குத்தான் தெரியும்" என்பாள். இருபத்தாறு வருஷத்தில் ஒருவரையும் சுட்டதில்லை. வழக்கத்தில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்ற வாய்ப்பே இல்லாமல் போனது இதனால்தான்.

இப்போது அவள் அண்ணனிடம் வருவோம்.

அண்ணன் தையல்காரர். கடைத்தெருவில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவு கடை. காலால் மிதிக்கிற மெஷின். எல்லோரும் மோட்டார் வைத்துவிட்டார்கள், இவர் வைக்கவில்லை. "துணி எங்க முறுக்கிக்குதுன்னு மோட்டாருக்குத் தெரியுமா? கால்தான் சொல்லும்" என்பார். தங்கைக்குக் கிழித் துணி எல்லாம் அவர் கடையில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகள்தான். அதனால் அந்த ஊர்க்காரர்கள் முதுகில் பூப்போட்ட கிழியும் கோடு போட்ட கிழியும் மாறி மாறி ஒற்றியிருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கோ முகாமில் ரத்தம் பார்த்து, அண்ணனுக்குச் சக்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் கொண்டுவந்து கடையில் பொத்தான் டப்பாவில் போட்டார். அண்ணி கேட்கும்போதெல்லாம் டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார். "மாத்திரை போட்டாச்சா?" "போட்டாச்சு, போட்டாச்சு." டப்பாவில் போட்டதும் போட்டதுதானே! வீட்டில் எல்லோருக்கும் அது 'கொஞ்சம் சக்கரை'. கொஞ்சம் சக்கரை யாருக்கு இல்லை என்று பேசிக்கொள்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் எண்ணெய் அறைக்கு வந்தார். பின்பக்கமாகத்தான். அவர் கட்டிலில் உட்காருவதற்குள் பின்னாலேயே அண்ணி, கையில் ஒற்றைச் செருப்போடு.

"ஏன் அண்ணி, அண்ணனை அடிக்கவா துரத்திட்டு வர்றீங்க?"

"அந்த பாக்கியம் எனக்கு எங்க! உன் அண்ணன் செருப்பு தெருமுனையில கழண்டு கிடந்துது. இவர் பாட்டுக்கு ஒத்தச் செருப்போட விறுவிறுன்னு வர்றாரு. நானும் கத்தறேன், கேட்டாத்தானே!"

அண்ணன் காலைக் குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் அப்புறம் எத்தனை தடவை நினைத்திருப்பாள்!

"கால் ஒரு மாதிரி இருக்கு. பஞ்சு மேல நடக்கிற மாதிரி. மெஷினை மிதிக்கிறேனா இல்லையான்னே தெரியல."

"தலையணை தைச்சுத் தைச்சு பஞ்சு கால்ல ஏறிடுச்சு போல. படு, வதக்கி ஒரு ஒத்தடம் கொடுத்தா ஓடிடும்."

அன்றைக்கு வைத்தியர் வராத நாள். அண்ணனுக்கு ஒத்தடம் கொடுக்க வைத்தியரிடம் கேட்க வேண்டுமா என்ன? கிழியைக் கட்டினாள், வலது பாதத்தில் ஒற்றினாள்.

"தாங்குதா?"

"இதெல்லாம் ஒரு சூடா? நல்லாச் சூடாக்கி வை."

மறுபடி வாணலியில் புரட்டி எடுத்தாள்.

"இப்ப?"

"வச்சதே தெரியல. அப்படியே அழுத்திப் பிடி."

அழுத்திப் பிடித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, மெஷினை மிதிக்கிற மேட்டில், நன்றாக அழுத்திப் பிடித்தாள். அண்ணன் பாதி தூக்கத்தில் குறட்டை விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணி ஆள் விட்டு அனுப்பினாள். இவள் போனபோது அண்ணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு, காலையிலேருந்து துடைக்கிறேன். உன் அண்ணன் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம். அதுவும் ஒரு கால் மட்டும். தண்ணியில மிதிச்சீங்களான்னா இல்லேங்கறாரு."

சூட்டுக்கை அண்ணனை உட்கார வைத்துக் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, தோல் சுருண்டு, உள்ளே சிவந்து கிடந்தது. ஓரத்தில் மஞ்சளாகக் கசிவு. இந்தக் காலோடுதான் மனிதர் மூன்று நாளாக மெஷின் மிதித்திருக்கிறார்.

"அண்ணே, வலிக்கலையா?"

"இல்லையே."

அவள் புண்ணின் ஓரத்தை விரலால் லேசாகத் தொட்டாள்.

"இப்ப?"

"என்ன இப்ப? தொட்டியா?"

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். தாங்குதா, தாங்குதா என்று அன்றைக்கு யாரைக் கேட்டோம்? ஒன்றும் தெரியாத தோலைக் கேட்டிருக்கிறோம். அது என்ன சொல்லும்? தாங்குது என்றுதானே சொல்லும்!

"மஞ்சள் அரைச்சு வைக்கட்டுமா?" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் வைக்காதீங்க அண்ணி. டாக்டரம்மாகிட்டப் போகணும்."

அண்ணன் காலை இழுத்துக்கொண்டார். "பைத்தியமா உனக்கு? வெந்தது உன் கையாலன்னு தெரிஞ்சா உன் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிடுவாங்க. உன்கிட்டயே ஆத்தற எண்ணெய் இருக்குல்ல, அதைத் தடவு. நாம மூணு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னது பொய் இல்லை. அந்த எண்ணெயால் அவள் எத்தனையோ காயத்தை ஆற்றியிருக்கிறாள். பூட்டினாலும் பூட்டுவார்கள். இருபத்தாறு வருஷத்துப் பேர் ஒரு நாளில் போய்விடும். அவள் அந்தக் காலை மறுபடி பார்த்தாள். கால் நன்றாக இருந்தால் மெஷின் ஓடும். மெஷின் ஓடாவிட்டால் அண்ணன் அண்ணனாக இருக்கமாட்டார், அது அவளுக்குத் தெரியும். கால் அழுகிப் போனால் அப்புறம் அறை திறந்திருந்து என்ன, மூடியிருந்து என்ன?

எழுந்து போய் அண்ணனின் சைக்கிளை எடுத்து வந்தாள்.

"ஏறி உட்காரு."

"நான் வரல."

"நீயா ஏறினா பின்னாடி உட்காரலாம். நான் தூக்கி வச்சா முன்கம்பியில பச்சப் பிள்ளை மாதிரி உட்காரணும். எது வசதி?"

பின்னாலேயே உட்கார்ந்தார். வெயிலில் கடைத்தெரு வழியாகத் தங்கை சைக்கிளைத் தள்ள, பக்கத்தில் அண்ணி குடை பிடிக்க, பார்த்தவர்களெல்லாம் "என்ன தையல்காரரே, ஊர்வலமா?" என்று கேட்க, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். சுகாதார நிலையம் வந்ததும் பின்பக்கம் கையைக் காட்டினார். அவள் கேட்கவில்லை. முன்வாசல் வழியாக முதல் அறைக்கே தள்ளிக்கொண்டு போனாள்.

"டாக்டரம்மா, இது என் அண்ணன். கால் வெந்திருக்கு. சுட்டது நான்தான்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொல்லாமல் விட்டால் அப்புறம் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டரம்மா திட்டவில்லை. காலைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தார். சக்கரை பார்த்தார். நர்ஸக்கா சொன்ன அளவைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாத்திரை சாப்பிடறீங்களா ஐயா?"

"சாப்பிடறேன், சாப்பிடறேன்."

அண்ணி அதற்குள் கடைக்கு ஓடிப் போய்ப் பொத்தான் டப்பாவையே கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தாள். சட்டைப் பொத்தான், கொக்கி, ஊசி, அவற்றோடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த மாத்திரை. அண்ணன் உத்தரத்தைப் பார்த்தார்.

"ஊசி பிடிக்கிறவன் நான். குத்திக்கிறவன் இல்லை, டாக்டரம்மா" என்று முனகினார்.

"சக்கரை ஏறி உங்க கால் மரத்துப்போச்சு. ஊசி குத்தினாத் தெரியற கால்னா நானும் விட்டுடுவேன்" என்றார் டாக்டரம்மா. பிறகு சூட்டுக்கையிடம் திரும்பினார். "எவ்வளவு சூட்டுல வச்சீங்க அக்கா?"

"அண்ணன் தாங்குற அளவுக்கு."

"உங்க கைக்கு எப்படி இருந்துது?"

இடைக்கதவு திறந்திருந்தது. பக்கத்து அறையில் நர்ஸக்கா கத்தரிக்கோலும் இடுக்கியும் கொதிக்க வைத்த பாத்திரத்தோடு திணறிக்கொண்டிருந்தார். சும்மா நிற்கிற பழக்கம் இல்லாதவள், போய் மூடியை வெறும் கையால் எடுத்துப் பிடித்துக்கொண்டாள். ஆவி பறந்தது. டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"அக்கா! சுடலையா?"

"இல்லையே."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. அண்ணன் சொன்ன அதே இல்லையே. மூடியைக் கீழே வைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நர்ஸக்கா ஓடிவந்து கையில் தண்ணீர் ஊற்றினார். அவள் அழவில்லை, ஆனால் அன்று முழுக்கப் பேசவும் இல்லை. அவள் பேசாமல் இருந்ததை அண்ணன் வியாதியைவிடப் பெரிய அதிசயமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அறையைப் பூட்டவில்லை. ஆனால் அடுப்பை மட்டும் கொஞ்ச நாள் பற்ற வைக்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா. வைத்தியரும் வந்து தலையாட்டினார். "மரத்த காலுக்குச் சூடு ஆகாதுன்னு எங்க பெரியவங்களும் சொல்லியிருக்காங்கம்மா. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்" என்றார். அவளுக்கு அது சுருக்கென்று இருந்தது. கேட்டிருக்கலாம்தான்.

அண்ணன் கால் ஆறப் பத்து வாரம் பிடித்தது. தினம் காலையில் அவளே சைக்கிளில் தள்ளி வருவாள். நர்ஸக்கா கட்டுப் போடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பாள். டாக்டரம்மா சோதிக்கிற விதத்தையும் பார்த்தாள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு குச்சி முனையில் விறைப்பான நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லி, இழை வளைகிற அளவுக்கு மட்டும் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பது. அவ்வளவுதான். ஒருநாள் கட்டுப் போட்டு முடிந்ததும் அவள் அந்தக் குச்சியைக் கையில் எடுத்தாள்.

"டாக்டரம்மா, இதை எங்கிட்டக் கொடுங்க."

"எதுக்கு?"

"உங்க பெஞ்சுல உக்காரச் சொன்னா ஓடறவன், என் கட்டில்ல தானா காலை நீட்டறான். நீட்டின காலை நானே பாத்துடறேன். தெரியலேன்னு சொல்றவனை மட்டும் உங்ககிட்டக் கூட்டிட்டு வர்றேன். கையைப் பிடிச்சு, நானே."

"எல்லாரையும் முதல்ல இங்க அனுப்புங்கன்னு நான் சொன்னது?"

"அது முடியாது. அதுல நான் சொன்னதுதான் சொன்னது."

டாக்டரம்மா யோசித்தார். பிறகு அவரும் தன் பங்குக்குப் பிடிவாதம் பிடித்தார். இழை தெரியாத காலுக்கு எந்த நாளும் கிழி கிடையாது. விரல் இடுக்கில் எண்ணெய் தடவக் கூடாது. சூட்டை உள்ளங்கையால் பார்க்கவே கூடாது. முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அதோடு தண்ணீரில் விடுகிற சூடுமானியும் வைத்துக்கொள்ள வேண்டும்.

"முழங்கையே போதும்."

"ரெண்டும் வேணும்க்கா."

"சரி, ரெண்டும். உங்களுக்காக அது ஆணியில தொங்கட்டும்."

அடுப்பை மறுபடி பற்ற வைத்த முதல் நாள் கிழியை முழங்கையில் வைத்துப் பார்த்தபோது "ஸ்" என்று துள்ளிவிட்டாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு சூடு என்றால் என்னவென்று தெரிந்தது! இதையா ஊர்க்காரர்கள் முதுகில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள் என்று லாரிக்காரரிடம் கேட்டாள். "நீ திட்டுவேன்னு பயந்துதான்" என்றார் அவர். அன்றிலிருந்து ஆணியில் தொங்குகிற சூடுமானியும் இறங்கி வேலைக்கு வந்தது.

எண்ணெய் அறையின் சட்டம் இப்படி மாறியது: உள்ளே வந்தால் முதலில் கண்ணை மூட வேண்டும், காலை நீட்ட வேண்டும். இடுப்புவலி என்று வந்தாலும் கால்தான் முதலில். "எனக்குக் கழுத்துல வலி" என்று சுமை தூக்குகிறவர் சொன்னால், "கழுத்து எங்கயும் ஓடிடாது, காலை நீட்டு" என்பாள். முதல் இரண்டு மாதத்தில் ஒன்பது பேருக்கு இழை தெரியவில்லை. அதில் ஐந்து பேருக்குச் சக்கரை இருப்பதே தெரியாது. பள்ளிக்கூடத்து ஆயாவின் குதிகாலில் ஒரு பெரிய முள்ளே குத்தி நின்றுகொண்டிருந்தது. ஒன்பது பேரையும் கையைப் பிடித்து முதல் அறைக்குக் கூட்டிப்போனாள். ஓடப் பார்த்தவர்கள் உண்டு. அந்தப் பிடியிலிருந்து யாரும் ஓடிவிட முடியாது.

புண் ஆறிய பிறகு அண்ணன் மறுபடி மெஷினில் உட்கார்ந்தார். முதலில் இடது காலால் மிதித்துப் பழகினார். தையல் கொஞ்ச நாள் கோணலாகப் போனது. வாங்கிப் போனவர்கள் புது மாதிரி என்று நினைத்துக்கொண்டார்கள். மாத்திரை இப்போது அண்ணியின் இடுப்பில். விழுங்கின பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் முன்வாசல் வழியாக வந்து எண்ணெய் அறைக் கட்டிலில் காலை நீட்டுவார். நைலான் குச்சிக்கு அவரே ஒரு பூப்போட்ட உறை தைத்துக் கொடுத்திருக்கிறார். தன் காலைப் பார்க்கிற குச்சிக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்டாராம். ஆனால் சோதனையில் ஏமாற்றுவார். இமை இடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்ப்பார். அதனால் அவள் கிழித் துணியால் கண்ணைக் கட்டிவிடுவாள்.

போன வெள்ளிக்கிழமையும் கட்டினாள். தழும்புக்கு மேலே, கட்டைவிரலில், நடுப்பாதத்தில் என்று ஒவ்வொரு இடமாக இழையை வைத்து எடுத்தாள். அண்ணன் அசையவில்லை.

"என்ன தங்கச்சி, எப்பத் தொடப்போற? கடையில ஆள் காத்திருக்கு."

அவள் இழையை உறையில் போட்டாள். முழுப் பாதமும் தொட்டு முடித்துவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. காலை வெளிச்சத்துக்குத் திருப்பி, குதிகால், ஓரம், விரல் இடுக்கு ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தாள். கீறல் இல்லை, கொப்புளம் இல்லை, ஈரம் இல்லை.

"ஆச்சு. எழுந்திரு" என்று கண்கட்டை அவிழ்த்தாள். "ரெண்டு செருப்பும் கால்ல இருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டுப் போ."